கவுன்ட்டவுன் டைமர் ஓடும் பக்கத்தில் சொந்தக்காரருக்கு விற்கலாமா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பி.காம். முடித்தவர். 6,000 ரூபாய் கட்டி ஆன்லைனில் ஓர் அஃபிலியேட் (பிறர் பொருளை லிங்க் மூலம் விற்றுக் கமிஷன் வாங்கும் வேலை) கோர்ஸில் சேர்ந்தார். அதே கோர்ஸை இன்னொருவருக்கு விற்றால் 70 சதவீதம் கமிஷன். தெரிந்தவர்கள் 100 பேரின் பெயரை எழுதி, டைமர் ஓடும் பக்கத்தை அனுப்பி, 'இன்னும் 3 சீட்தான்' என்று ஸ்டேட்டஸ் வைத்து, வருமான ஸ்கிரீன்ஷாட் போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சின்னம்மா மகனும் ஒரு கல்லூரி நண்பரும் அவர் மூலம் சேர்ந்துவிட்டார்கள். இதைத் தவிர வாட்டர் ப்யூரிஃபையர் லிங்க் போடும் பக்கம் ஒன்றும் வைத்திருக்கிறார். "எல்லாரும் இப்படித்தானே விற்கிறார்கள், இதில் என்ன தப்பு? இதெல்லாம் செய்யாமல் சம்பாதிக்க முடியுமா?" என்பது கேள்வி.

தம்பி, நீங்கள் செய்வது இரண்டு வேறு வேலைகள். இரண்டுக்கும் அஃபிலியேட் என்ற ஒரே பெயர் இருப்பதால் குழப்பம் வருகிறது. ப்யூரிஃபையர் லிங்க் என்பது தரகு. வாங்குபவருக்கு மெஷின் போகிறது, உங்களுக்குக் கமிஷன் வருகிறது, அதோடு கணக்கு முடிகிறது. கோர்ஸ் அப்படியில்லை. அதை வாங்குபவர், தானும் அதை விற்றால்தான் போட்ட பணத்தை எடுக்க முடியும். முதலில் கோர்ஸைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதில் எந்த உத்தியைத் திருத்தினாலும் அடிப்படை மாறாது.

6,000 ரூபாயில் 70 சதவீதம் 4,200. ஒருவர் போட்ட காசை எடுக்கவே 2 பேரைச் சேர்க்க வேண்டும். 'மாசம் 20,000' என்று சொல்லும் கனவுக்கு 5 பேர் வேண்டும். ஒவ்வொருவரும் 5 பேரைச் சேர்ப்பதாக வைத்து வரிசையை எழுதிப் பாருங்கள்: 1, 5, 25, 125, 625, 3,125, 15,625, 78,125, 3,90,625, 19,53,125. பத்தாவது வரிசையிலேயே ஏறத்தாழ 19.5 லட்சம் பேர் தேவை. 2011 கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே, கைக்குழந்தையையும் சேர்த்து, சுமார் 18.8 லட்சம். இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த வரிசையில் இது நின்றாலும், கடைசி வரிசையில் இருப்பவர்கள்தான் மொத்தத்தில் ஏறத்தாழ 80 சதவீதம். அவர்களுக்குக் கீழே ஆள் இல்லை. அதாவது, சேர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் நஷ்டப்படுவது அவர்கள் சோம்பேறிகள் என்பதால் அல்ல, கணக்கு அப்படி. 'உழைக்காதவன்தான் தோற்பான்' என்று டிரெய்னர் சொல்வது இந்த இடத்தை மறைப்பதற்காகத்தான்.

கமிஷன் 70 சதவீதம் என்பதாலேயே ஒன்றை மோசடி என்று சொல்லிவிட முடியாது. சாஃப்ட்வேர், ஆன்லைன் வகுப்பு போன்றவற்றில் இன்னொரு பிரதி எடுக்கச் செலவில்லை, அதனால் பெரிய கமிஷன் கொடுக்க முடியும். பார்க்க வேண்டியது வேறு: மறுபடி விற்கும் எண்ணமே இல்லாத ஒருவர் இந்தக் கோர்ஸை 6,000 கொடுத்து வாங்குவாரா? டேலி, எக்ஸெல், தையல் டிசைன் சொல்லித்தரும் வகுப்பென்றால் வாங்குவார். 'இந்தக் கோர்ஸை எப்படி விற்பது' என்று சொல்லித்தரும் கோர்ஸை யாரும் வாங்க மாட்டார். ஆள் சேர்ப்பதைப் பொறுத்து சுலபமாகப் பணம் கிடைக்கும் என்ற ஏற்பாட்டை 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் தடை செய்கிறது. நடத்துபவர் மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்பவரும் பங்கெடுப்பவரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். தண்டனை 3 ஆண்டு வரை சிறை. 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும், இப்படி ஆள்மேல் ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் பிரமிட் திட்டத்தைத் தடை செய்கின்றன. உங்கள் கோர்ஸ் அந்த வரையறைக்குள் வருகிறதா என்பதை நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். ஆனால் பொருள் பெயருக்கு மட்டும் இருந்து, வருமானம் முழுக்க ஆள் சேர்ப்பில் வருகிறதென்றால், நீங்கள் நிற்கும் இடம் பத்திரமான இடமில்லை.

இனி உத்திகளுக்கு வருவோம். கோர்ஸ் விற்பனையில் மட்டுமல்ல, நல்ல பொருளை விற்கும் பக்கங்களிலும் இவற்றைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால், எங்கே பொய் நுழைகிறது என்பது தானாகத் தெரியும்.

டைமரை எடுத்துக்கொள்ளுங்கள். '14 நிமிடம் 59 நொடியில் சலுகை முடிகிறது' என்று ஓடும். பெரும்பாலும் அது பக்கத்தைத் திறந்த நேரத்தைப் போனின் பிரவுசரில் குறித்துவைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணும் சின்ன நிரல். அதே பக்கத்தை இன்காக்னிட்டோவிலோ (பழைய பதிவு எதையும் பயன்படுத்தாத பிரவுசர் ஜன்னல்) வேறு போனிலோ திறந்தால் மறுபடி 15 நிமிடத்திலிருந்து தொடங்கும். உண்மையான கடைசி நாள் என்றால் எந்தப் போனில் திறந்தாலும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும், முடிந்தபின் விலை ஏறியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது பொய்.

'ஓசூரிலிருந்து ஒருவர் 2 நிமிடம் முன்பு வாங்கினார்' என்று மூலையில் எட்டிப்பார்க்கும் பெட்டியும் அப்படித்தான். பெயர்ப் பட்டியலும் ஊர்ப் பட்டியலும் நிரலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். பக்கத்தை நாலு முறை ரீலோட் செய்து பாருங்கள், அதே பெயர்கள் அதே வரிசையில் வந்தால் விஷயம் தெரிந்துவிடும். 'லைவ்' வெபினார் (ஆன்லைன் கூட்டம்) என்பதில் பல, பதிவு செய்த வீடியோ. சாட்டில் வரும் 'சூப்பர் சார்', 'ஜாயின் பண்ணிட்டேன்' எல்லாம் முன்கூட்டியே நேரம் குறித்துப் போட்டவை. அன்றைய தேதியைப் பற்றியோ அன்றைய செய்தியைப் பற்றியோ ஒரு கேள்வி கேளுங்கள், பதில் வராது.

வருமான ஸ்கிரீன்ஷாட் பற்றி ஒன்றே ஒன்று. கம்ப்யூட்டர் பிரவுசரில் எந்தப் பக்கத்திலுள்ள எண்ணையும் இன்ஸ்பெக்ட் வசதி மூலம் அரை நிமிடத்தில் மாற்றிப் படம் எடுக்கலாம். படம் உண்மையாகவே இருந்தாலும், அது மொத்த வரவு. விளம்பரத்துக்குக் கட்டியது, திரும்பக் கொடுத்தது, வரி, எதுவும் அதில் கழிந்திருக்காது. நூறு பேரில் ஒருவருக்கு வந்த தொகையைப் போட்டு 'நீங்களும் எடுக்கலாம்' என்று சொல்வது, எண் உண்மையாக இருக்கும்போதே பொய்யாகிவிடுகிறது.

விலையில் விளையாடுவது இன்னொரு வகை. 'மதிப்பு 49,999, இன்று மட்டும் 4,999' என்பார்கள். அந்த 49,999-க்கு இதுவரை ஒரு பில்லாவது போட்டிருக்கிறார்களா? போடவில்லையென்றால் அது விலையே இல்லை, வெறும் எண். 'ரீஃபண்ட் கேரண்டி' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, எல்லா வீடியோவையும் பார்த்திருக்க வேண்டும், 30 நாள் தினமும் ஸ்டேட்டஸ் வைத்த ஆதாரம் வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் நிபந்தனை வைப்பதும் உண்டு.

இவற்றில் நான் மிகக் கடுமையாகப் பார்ப்பது போன் காலில் நடக்கும் 'க்ளோசிங்', அதாவது பேசிப் பேசிப் பணம் கட்ட வைப்பது. 'கையில காசு இல்லையா? நகையை வச்சு எடுங்க, குழு லோன்ல போடுங்க, ரெண்டு மாசத்துல மீட்டுடலாம்' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மகளிர் குழுக் கடனில் ஒருவர் தவணை தவறினால் குழுவில் உள்ள மற்றவர்கள் தலையில் அது விழும். கமிஷன் 4,200 வாங்கியவருக்கு அந்தப் பெண்களின் பெயர்கூடத் தெரியாது. 'பயப்படுறவங்க கடைசி வரைக்கும் கூலிதான்' என்று குத்திப் பேசி கையெழுத்து வாங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இந்த உத்திகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன: வாங்குபவர் விசாரிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பறிக்கின்றன. ஒருநாள் விட்டால் அவர் அண்ணனிடம் கேட்பார், வேறு கடையில் விலை பார்ப்பார், ராத்திரி படுத்தபடி யோசிப்பார். அந்த ஒருநாள் கிடைத்தால் விற்காத பொருள் என்பதால்தான் டைமர் தேவைப்படுகிறது. ஆகவே நான் பயன்படுத்தச் சொல்லும் அளவுகோல் இது: உங்களுக்கு எவ்வளவு கமிஷன், திரும்பக் கொடுத்தவர்கள் எத்தனை பேர், பொருளில் என்ன குறை என்று உங்களுக்குத் தெரிந்த அனைத்தும் வாங்குபவருக்கும் தெரிந்திருந்தால், அப்போதும் அந்த வாக்கியம் எடுபடுமா? எடுபடுமென்றால் எவ்வளவு அழுத்தமாக வேண்டுமானாலும் சொல்லுங்கள், அது நல்ல விற்பனை. அவசரம் என்று சொல்வதே தப்பில்லை. கிருஷ்ணகிரி மாம்பழத்துக்கு ஆர்டர் எடுப்பவர் 'சீசன் முடியப் போகிறது, இந்த வாரத்தோடு நிறுத்துகிறோம்' என்றால் அது உண்மையான அவசரம். மரத்தில் காய் தீர்ந்துவிடும். வீடியோ கோர்ஸில் 'சீட்' எப்படித் தீரும்?

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 13 வகை ஏமாற்று வடிவங்களை அது பட்டியலிடுகிறது. பொய் அவசரம், வேண்டாம் என்பவரைக் கூச்சப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசியில் விலையைக் கூட்டுவது, விளம்பரத்தை விமர்சனம் போல வேஷம் போட்டுக் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21-வது பிரிவில், தவறான விளம்பரத்துக்குப் பரிந்துரை செய்பவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகலாம். பரிந்துரை செய்யவே ஓராண்டு தடையும் விதிக்கலாம். ஆனால் சொன்ன விஷயத்தை உரிய முறையில் சரிபார்த்துவிட்டுச் சொன்னவருக்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. அதனால் எதை எப்போது எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் உங்களைக் காக்கும்.

அடுத்து உங்கள் ப்யூரிஃபையர் பக்கம். நம் இரு மாவட்டங்களில் இது சாதாரணப் பொருள் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது நிஜம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை, பெரியவர்களுக்கு மூட்டு, முதுகு விறைப்பு. இந்தப் பயம் நியாயமானது, அதனால்தான் இதை வைத்து விற்பது சுலபம். நியாயமான பயத்தைத் தவறான பொருளின் பக்கம் திருப்பிவிடுவதும் அதே அளவு சுலபம்.

பல பக்கங்களில் 'ஃப்ளோரைடிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றுங்கள்' என்று கறை படிந்த பல் படத்தைப் போட்டு, கீழே யுவி (புற ஊதா ஒளி) மெஷின் லிங்க் கொடுத்திருப்பார்கள். யுவி கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடைத் தொடாது. யுஎஃப் எனப்படும் நுண்துளை வடிகட்டியும் அப்படியே. காய்ச்சினாலும் போகாது, நீர் ஆவியாகக் குறையக் குறைய மீதி நீரில் அளவு கூடத்தான் செய்யும். வீட்டு அளவில் ஃப்ளோரைடைப் பெருமளவு குறைப்பவை, அழுத்தம் கொடுத்து நீரை வடிக்கும் ஆர்ஓ சவ்வும், ஆக்டிவேட்டட் அலுமினா நிரப்பிய வடிகட்டியும்தான். ஆர்ஓவில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகமாகவே கழிவாகப் போகலாம், போர்வெல் வற்றும் கோடையில் அது சின்ன விஷயம் இல்லை. அலுமினாவை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் அது வெறும் டப்பா.

வீட்டுக்கு வந்து செய்துகாட்டும் சோதனையை வீடியோவாக எடுத்துப் போடச் சொல்வார்கள். தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தால், சாதாரணத் தண்ணீர் பழுப்பாகத் திரண்டு சேறு போல ஆகும், ஆர்ஓ தண்ணீர் தெளிவாக நிற்கும். அந்தச் சேறு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, இரும்புக் கம்பி கரைந்து வருவது. உப்பு கரைந்த நீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், அதனால் கம்பி வேகமாகக் கரைகிறது. ஆர்ஓ நீரில் உப்பு குறைவு, அதனால் ஒன்றும் நடப்பதில்லை. ஆர்ஓ நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே சோதனையைச் செய்தால் அதுவும் பழுப்பாகும். இந்த வீடியோவை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். டிடிஎஸ் மீட்டரும் ஃப்ளோரைடைக் காட்டாது. அது கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவைத்தான் ஏறத்தாழச் சொல்லும். டிடிஎஸ் குறைவாக இருந்தும் ஃப்ளோரைடு கூடுதலாக இருக்கலாம், டிடிஎஸ் அதிகமாக இருந்தும் ஃப்ளோரைடு இல்லாமலும் இருக்கலாம்.

உங்கள் பக்கத்தில் முதல் வரி இப்படி இருக்கட்டும்: 'மெஷின் வாங்கும் முன் தண்ணீரைப் பரிசோதியுங்கள்.' குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டபின் பிடித்துக் கொடுக்க வேண்டும். அடுத்த வரி: 'உங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை மட்டும் பயன்படுத்துகிறீர்கள், அதில் உள்ளூர் போர்வெல் தண்ணீர் கலப்பதில்லை என்றால், ஃப்ளோரைடுக்காக மெஷின் தேவைப்படாது.' இந்த வரியால் சில விற்பனை போகும். போகட்டும். அதைப் படித்த பிறகும் வாங்குபவர் மெஷினைத் திருப்பி அனுப்ப மாட்டார். மூன்றாவதாக, சர்வீஸ். பாலக்கோட்டுக்கோ பென்னாகரத்துக்கோ அரூருக்கோ டெக்னீஷியன் எங்கிருந்து வருவார், ஆண்டுக்கு ஃபில்டரும் சவ்வும் மாற்ற என்ன ஆகும் என்று கம்பெனிக்குப் போன் செய்து கேட்டு, தேதியோடு எழுதுங்கள். இந்த ஒரு தகவலுக்காகவே ஜனம் உங்கள் பக்கத்துக்கு வரும். பெரிய சேனல்கள் எதுவும் பென்னாகரத்தில் சர்வீஸ் உண்டா என்று சொல்லப்போவதில்லை.

பணக் கணக்கும் இதன் பக்கம்தான் நிற்கிறது. 12,000 ரூபாய் மெஷினுக்கு 5 சதவீதம் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம், 600 ரூபாய். பயமுறுத்தி 10 விற்று 4 திரும்பி வந்தால் கையில் நிற்பது 3,600, திரும்பியதற்கான கமிஷனை ரத்து செய்துவிடுவார்கள். நிதானமாகச் சொல்லி 7 விற்று ஒன்றும் திரும்பாவிட்டால் 4,200. அதோடு, அந்த 7 பேர் அடுத்து மிக்ஸி வாங்கும்போதும் உங்களிடம் கேட்பார்கள்.

கமிஷன் வருவதை எங்கே சொல்வது? லிங்க்குக்கு மேலே, முதல் திரையிலேயே: 'இந்த லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும், உங்களுக்கு விலை கூடாது.' விலை கூடாது என்பது உண்மையாக இருந்தால் மட்டும் அந்த இரண்டாம் பாதி. ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்துவைப்பது கணக்கில் சேராது. விளம்பரத் தர அமைப்பான ஏஎஸ்சிஐ நெறிகளின்படி 15 நொடி வரையுள்ள வீடியோவில் விளம்பரம் என்ற குறிப்பு குறைந்தது 3 நொடி தெரிய வேண்டும். 2 நிமிடம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம், அதற்கு மேல் என்றால் அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க. வாட்ஸ்அப் பற்றியும் ஒரு வார்த்தை: சில அஃபிலியேட் திட்டங்கள் லிங்க்கை ஈமெயிலிலோ தனி மெசேஜிலோ அனுப்புவதைத் தடை செய்கின்றன, தன் லிங்க்கில் தானே வாங்குவதையும்தான். ஒப்பந்தத்தைப் படிக்காமல் அனுப்பினால் சேர்ந்த கமிஷன் முழுதும் முடங்கும்.

சில லிங்க்குகளைத் தொடவே வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. விளம்பரம் செய்தவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் உண்டு. பங்குச் சந்தையில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் போன்ற ஒப்பந்தங்கள்) டிரேடிங் ஆசை காட்டி டீமேட் கணக்கு (பங்குகளை வைக்கும் கணக்கு) திறக்க வைப்பதும் வேண்டாம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொல்லியிருக்கிறது. தக்காளி விவசாயிகளுக்கு 'ஏழே நாளில் மகசூல் இரட்டிப்பு' என்று டானிக் விற்கும் லிங்க்குகளும் இதே வகை. ராயக்கோட்டை மார்க்கெட்டில் விலை விழும் வாரத்தில் அந்த விளம்பரத்தைப் பார்ப்பவர் எந்த நிலையில் இருப்பார் என்று யோசியுங்கள்.

கடைசியாக, சின்னம்மா மகனும் நண்பரும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர்களிடம் நேரில் போய், இந்தக் கோர்ஸில் பணம் எப்படி வருகிறது என்று மேலே உள்ள வரிசைக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். அவர்கள் அடுத்த ஆளைச் சேர்க்கும் முன் இது நடக்க வேண்டும். அவர்களால் உங்களுக்கு வந்த கமிஷன் 8,400. அதில் ஆளுக்கு 4,200 திருப்பிக் கொடுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணையாகக் கொடுங்கள், ஆனால் தேதியைச் சொல்லிக் கொடுங்கள்.

மீதியை மூன்று பேரும் சேர்ந்து கம்பெனியிடம் கேட்கலாம். முதலில் ஆதாரம்: டைமர் இரண்டு போனில் இரண்டு விதமாக ஓடுவதை ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுங்கள், வருமானம் உறுதி என்று சொன்ன மெசேஜ்கள், யுபிஐ பரிவர்த்தனை எண், ரீஃபண்ட் நிபந்தனைப் பக்கம் எல்லாவற்றையும் சேமியுங்கள். கேட்ட பிறகு பக்கத்தை மாற்றிவிடுவார்கள், அதனால் கேட்கும் முன்பே எடுக்க வேண்டும். பிறகு ஈமெயிலில், 15 நாள் அவகாசம் கொடுத்து, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கம்பெனியே போலி, போன் எடுப்பதில்லை என்றால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரம் கையில் இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும்.